ஏடிஆர் பாடம் நடத்தும் பேராசிரியர் ஆக வேண்டுமா? ஆர்பிட்ரேஷன், சமரசம் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் கடைசி செமஸ்டர் முடிகிற நேரத்தில் இரண்டு மூன்று மாணவர்கள் என் அறைக்கு வந்து இதையே கேட்பார்கள். "மேடம், ஏடிஆர் பேப்பர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதையே பாடமா நடத்துற வேலைக்குப் போகணும்னா என்ன செய்யணும்?" ஏடிஆர் என்றால் கோர்ட்டில் வழக்கு நடத்தாமல் தகராறைத் தீர்க்கும் மாற்று வழிகள்; ஆர்பிட்ரேஷனும் சமரசமும் அதில் அடங்கும். நின்றபடி பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் சட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களையும், பார் கவுன்சிலில் பதிவு செய்து இரண்டு மூன்று வருடம் ஆன இளம் வக்கீல்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் பிஎச்.டி.யும் உங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற அறையில் நீங்களும் உட்கார்ந்து பழகியிருந்தால்தான் இந்தப் பாடம் உங்கள் வாயிலிருந்து உயிரோடு வரும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பத்திரிகைச் செய்திகளில் ஆர்பிட்ரேஷனுக்கும் மத்தியஸ்தம் என்றே எழுதுகிறார்கள், மீடியேஷனுக்கும் மத்தியஸ்தம் என்றே எழுதுகிறார்கள். மாணவர்களும் அதே குழப்பத்தோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். ஆர்பிட்ரேஷனில், இரு தரப்பும் ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடி ஒரு நடுவர் வருவார். ஆவணம், சாட்சி, வாதம் எல்லாம் கேட்டுத் தீர்ப்பு சொல்வார். அதை சிவில் கோர்ட் டிக்ரி போலவே நிறைவேற்றலாம். சமரசத்தில், அதாவது மீடியேஷனில், சமரசர் எதையும் தீர்மானிக்க மாட்டார். பேச வைப்பார், கேட்க வைப்பார். முடிவு தரப்பினர் கையில்தான் இருக்கும்.

நம் ஊர் மாணவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தை அவர்கள் பார்த்தோ கேள்விப்பட்டோ வளர்ந்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "சரிப்பா, நீ இதைக் கொடு, நீ அதை விட்டுடு" என்பார். சமரசர் வேடம் போடச் சொன்னால் பத்தாவது நிமிடத்தில் மாணவர்களும் அப்படித்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விடுவிப்பதற்கே பாதி செமஸ்டர் போய்விடும். முதலில் அது உங்களிடமிருந்து போக வேண்டும்.

சொல் குழப்பம் மாணவர்களோடு நிற்கவில்லை. கோர்ட் வழக்குகளை ஏடிஆருக்கு அனுப்ப வழி செய்யும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89வது பிரிவை எழுதியபோது மீடியேஷனுக்கும் ஜுடிஷியல் செட்டில்மென்டுக்கும் தர வேண்டிய விளக்கங்கள் இடம் மாறிப் போயின. 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் அதைச் சுட்டிக்காட்டி, மாற்றிப் படிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். எந்த வழக்கை எந்த வழிக்கு அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

அப்புறம் இரண்டு சட்டங்களை வரி வரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று 1996ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டம். அதற்கு 2015, 2019, 2021 என மூன்று பெரிய திருத்தங்கள் வந்துவிட்டன. இன்னொன்று 2023ஆம் ஆண்டின் மீடியேஷன் சட்டம். சமரசத்தை 120 நாளில் முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம் என்று அது சொல்கிறது.

கல்லூரி நாட்களில்

பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள்படி ஏடிஆர் கட்டாயச் செய்முறைப் பாடம். பல கல்லூரிகளில் அதைச் சாதாரண தியரி பேப்பராகவே நடத்தி முடித்துவிடுகிறார்கள். உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் என்றால் நீங்களே மூன்று நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வேடமிட்டுப் பழகுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்கள் வாதிடும் மாதிரி நீதிமன்றப் போட்டியில், ஆர்வம் இருந்தால் வியன்னாவில் நடக்கும் விஸ் மூட் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 1990களில் தொடங்கிய சர்வதேச ஆர்பிட்ரேஷன் போட்டி அது. அக்டோபரில் பிரச்சினைத் தாளை வெளியிடுவார்கள், வாய்மொழி வாதம் ஈஸ்டரையொட்டி நடக்கும். சர்வதேசப் பொருள் விற்பனை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் அடிப்படையில்தான் வாதிட வேண்டும். இந்தியா அதில் சேரவில்லை என்பதால் நம் பாடத்திட்டத்தில் அது பெரும்பாலும் இருக்காது, தனியாகப் படித்தாக வேண்டும். பயணச் செலவு அதிகம்தான். போக முடியாவிட்டாலும் பழைய பிரச்சினைத் தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் மனு எழுதிப் பாருங்கள். ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம் அது.

அறைக்குள் உட்காருவது எப்படி?

இந்தக் கேள்வியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆர்பிட்ரேஷனும் ரகசியம், சமரசமும் ரகசியம். வேடிக்கை பார்க்க யாரையும் உள்ளே விட மாட்டார்கள். ஆனாலும் வழி இருக்கிறது.

எளிதான வழி திறந்த நீதிமன்றம். நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34வது பிரிவின் கீழ் போடும் மனுக்களை நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும்தான் விசாரிக்கிறார்கள். சென்னையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் வழக்குகளைக் கேட்கும் ஒரிஜினல் சைடின் காஸ் லிஸ்டை (அன்றன்றைய வழக்குப் பட்டியல்) முந்தின நாள் பார்த்துவிட்டுப் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். மூடிய அறையில் நடுவர் என்ன செய்தார், எங்கே சறுக்கினார், ஒப்பந்தத்தின் எந்த வரியைக் கவனிக்காமல் விட்டார் என்பதெல்லாம் அங்கே வாதத்தில் வெளிவரும். ஒரு மாதம் தொடர்ந்து உட்கார்ந்தால் 34வது பிரிவு உங்களுக்கு மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

இரண்டாவது, ஆர்பிட்ரேஷன் நடத்தும் ஒரு சீனியரிடம் ஜூனியராகவோ, நடுவராக இருக்கும் ஓய்வு பெற்ற நீதிபதிக்கு உதவியாளராகவோ சேருவது. ஆவணக் கட்டுக்கு எண் போடுவது, விசாரணைக் குறிப்பு எழுதுவது, தேதி ஒருங்கிணைப்பது என்று சின்னச் சின்ன வேலைகள்தான் வரும். செய்யுங்கள். முதல் கூட்டத்திலேயே கால அட்டவணை போடாத வழக்கு எப்படி இழுத்துக்கொண்டே போகிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும்.

மூன்றாவது, 40 மணி நேர சமரசப் பயிற்சி. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005 ஏப்ரலில். மூத்த வக்கீல் ஸ்ரீராம் பஞ்சுவின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. 2019இல் அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த மூன்று பேர் சமரசக் குழுவில் அவரும் ஒருவர். அந்த மையம் இன்று மாவட்டங்கள் தோறும் கிளை விட்டிருக்கிறது. நீதிமன்றப் பட்டியலில் சமரசராகச் சேர அனுபவ ஆண்டுகள் கேட்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். 40 மணி நேரப் பயிற்சியைத் தனியார் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் கூட நடத்துகின்றன. சேர்வதற்கு முன் எத்தனை மணி நேரம் வேடமிட்டுப் பயிற்சி தருகிறார்கள் என்று கேளுங்கள். எல்லாமே விரிவுரை என்றால் பணத்தை வீணாக்காதீர்கள்.

மூத்த சமரசரோடு இணைந்து நான் உட்கார்ந்த முதல் வழக்கு எதைப் பற்றியது என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வழக்குக்கு வந்திருந்த ஒரு அம்மாவின் கைகள் மட்டும் நினைவில் இருக்கின்றன. அந்த அம்மா ஆவணங்கள் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். சமரசர் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. "எங்கேருந்து வர்றீங்கம்மா, பஸ் கிடைச்சுதா?" என்றுதான் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்துப் பை மேஜை மேல் இருந்தது. யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. எந்தப் பிரிவிலும் எழுதப்படாத இந்த வேலையை எப்படிப் பாடமாக்குவது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்எல்.எம்., நெட், வேலை

எல்எல்.எம். அரசுப் பல்கலைக்கழகங்களில் இரண்டு வருடம், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருடம். லண்டனில் குயின் மேரி, ஜெனீவா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இந்தத் துறைக்கே தனிப் படிப்பு இருக்கிறது. உதவித்தொகை கிடைத்தால் போய் வாருங்கள். பெரிய கடன் வாங்கிக்கொண்டு போகத்தான் வேண்டுமா என்றால், ஆசிரியர் வேலைக்கு வேண்டாம் என்பேன். மாதத் தவணை கட்டுவதற்காகவே கற்பித்தலை விட்டுவிட்டு கார்ப்பரேட் ஃபர்முக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்எல்.எம்.மில் பொதுப் பிரிவினர் 55 சதவீதம் எடுத்திருந்தால் யுஜிசி நெட் எழுதலாம். சட்டப் பாடத்தின் குறியீட்டு எண் 58. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. பாடத்திட்டத்தின் 10 அலகுகளில் ஆர்பிட்ரேஷனுக்கென்று தனி அலகு இல்லை. அரசியல் சட்டம், குற்றவியல், குடும்பச் சட்டம், சர்வதேசச் சட்டம் எல்லாம் திரும்ப உட்கார்ந்து படித்தாக வேண்டும். பிடித்த பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தேர்வைத் தாண்ட முடியாது. அதே தேர்வில் ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். தமிழ்நாட்டில் மாநில அளவிலான செட் தகுதித் தேர்வும் உண்டு.

2023 ஜூலையில் யுஜிசி விதியை மாற்றியது. உதவிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது செட் போதும், பிஎச்.டி. கட்டாயம் இல்லை. அதற்காகப் பிஎச்.டி.யைத் தள்ளிப் போடாதீர்கள். 2018 விதிகள்படி இணைப் பேராசிரியர் ஆக பிஎச்.டி., 8 வருட அனுபவம், 7 கட்டுரைகள் வேண்டும். பேராசிரியர் ஆக 10 வருடம், 10 கட்டுரைகள்.

வேலைக்கு மூன்று வாசல் இருக்கின்றன. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அறிவிப்பு வருடா வருடம் வராது, வரும்போது தயாராக இருக்க வேண்டும். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவை தாங்களே விளம்பரம் செய்து எடுக்கின்றன. மூன்றாவது தனியார் கல்லூரிகள். யுஜிசி அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியாரில் அது அப்படியே கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் தொழிலில் இருந்துகொண்டே ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று தனி விதியே இருக்கிறது. இந்தப் பாடத்துக்கு வரப்போகிறவர் முதல் இரண்டு மூன்று வருடம் காலையில் கோர்ட், மாலையில் வகுப்பு என்று பகுதிநேரமாக இருந்து பார்ப்பது நல்லது. கற்பித்தல் உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

ஆய்வுத் தலைப்பு

'இந்தியாவில் ஆர்பிட்ரேஷன்: ஒரு விமர்சன ஆய்வு' போன்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். கைக்கு எட்டுகிற, யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்றை எடுங்கள். உதாரணமாக, 3 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வணிக வழக்குகளில் அவசர நிவாரணம் கேட்காவிட்டால், வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போயாக வேண்டும். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு அது. கட்டாயம்தான் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த் தரப்பு வராவிட்டால் 'நான்-ஸ்டார்ட்டர் ரிப்போர்ட்' கொடுத்து முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு வருடத்தில், எத்தனை வழக்கு அப்படிப் போனது, அழைத்தும் ஏன் வரவில்லை? போய் வக்கீல்களிடமும் வியாபாரிகளிடமும் கேட்டு எழுதினால் அது நாளைக்கு நீதிமன்றத்துக்கே பயன்படும் ஆய்வு.

நோட்ஸ் பழசாகிவிடும் துறை இது என்பதையும் மறக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்த விவகாரத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன ஹக்கீம் வழக்கில், நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாம், திருத்த முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்கே வருடத்தில், 2025 ஏப்ரல் 30 அன்று, நோவாசாஃப்ட் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், சில வரம்புகளுக்குள் திருத்தலாம் என்றது. அதுவும் சென்னையிலிருந்து போன வழக்குதான். ஹக்கீமோடு நின்றுவிட்ட நோட்ஸை வைத்துப் பாடம் எடுத்தால் மாணவர் தேர்வில் தப்பாக எழுதுவார், பிறகு கட்சிக்காரருக்கும் தப்பாகச் சொல்வார்.

வகுப்பறை

என் வகுப்பில் நான் வருடா வருடம் பயன்படுத்தும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஒரு சாயப்பட்டறை. பெயர்களும் தொகையும் கற்பனை. சாயமேற்றி வந்த 4 டன் துணியில் ஷேடு வித்தியாசம், வெளிநாட்டு பையர் வேண்டாம் என்றுவிட்டார். கம்பெனிக்காரர் மூன்று மாத சாயக் கூலி 18 லட்சத்தை நிறுத்தி வைத்துவிட்டார்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த தாள். அப்புறம் ஆளுக்கொரு ரகசியத் தாள். கம்பெனிக்காரரின் தாளில் இருப்பது: லேப் டிப்பை, அதாவது சாயமேற்றிய மாதிரித் துணியை, நேரில் பார்க்காமல் வாட்ஸ்அப் போட்டோவில் பார்த்தே ஓகே சொன்னது அவர்தான். பட்டறைக்காரரின் தாளில்: அன்று மிஷினில் நின்றது புது ஆள், ரெசிபியில் தவறு நடந்திருக்கலாம், பாய்லர் கடன் ஓடுகிறது, அடுத்த சீசன் ஆர்டர் இந்தக் கம்பெனியிலிருந்து வராவிட்டால் தவணை கட்ட முடியாது.

முதல் முறை எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். சமரசர் வேடம் போட்ட மாணவர், "ஆளுக்குப் பாதி, 9 லட்சம்" என்று முடித்துவிடுவார். எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். அப்போது ரகசியத் தாள்களை மாற்றிப் படிக்கச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். பேசியே இருக்க வேண்டிய எதையும் தாங்கள் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

வேறு மாணவர்களை வைத்து அடுத்த வாரம் மறுபடி. இந்த முறை தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், பத்து கேள்வி கேட்பதற்கு முன் தொகையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று விதி. ஒரு வருடம் ஒரு மாணவி பட்டறைக்காரரிடம் கேட்டாள்: "அந்தத் துணி இப்போ எங்கே இருக்கு?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. துணி குடோனில்தான் கிடக்கிறது. அதையே அடர் நிறத்தில் மறுசாயம் ஏற்றி உள்ளூர் மார்க்கெட்டில் விற்கலாம், மறுசாயக் கூலி பட்டறையின் செலவு, பாக்கியைத் தவணையில் கொடுப்பது, இனி லேப் டிப்பைத் துணியிலேயே பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ரகசியத் தாள் எதிலும் நான் எழுதி வைக்காத தீர்வு அது.

ஒன்று சொல்ல வேண்டும்: ஒப்பந்தம் எட்டியதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் எல்லோரும் பாதிப் பாதி என்று ஓடிவிடுவார்கள். கேட்ட கேள்விகளுக்குப் போடுங்கள்.

இதே கதையை அடுத்தடுத்த வகுப்புகளிலும் கொண்டுபோகலாம். டெலிவரி சலானின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தால் அது கட்டுப்படுத்துமா? நடுவரைப் பட்டறைக்காரர் தானே நியமிப்பார் என்று எழுதியிருந்தால்? பட்டறை சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறைக் கேட்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாமே, பணம் வராத நாட்களுக்கு வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாமே? இப்படி ஒரே துணியை வைத்து ஆறு வாரம் ஓட்டலாம்.

நிஜ வழக்கை மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். பெயரை மாற்றினாலும் ஊர் சின்னது, கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளி வேலைகள்

சில வருடம் போனால் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து எழுதித் தரச் சொல்லி, சமரசராக வரச் சொல்லி, ஒருநாள் நடுவராகவே இருக்கச் சொல்லி அழைப்பு வரும். நடுவராக வக்கீலாகவோ நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; பேராசிரியர்களும் இருக்கிறார்கள். முழுநேர வேலையில் இருந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஒத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் 'சரி' என்பதை நம்பி ஒரு சக ஆசிரியர் பட்ட சிரமத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

நடுவராக நியமனத்தை ஏற்கும் முன் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12வது பிரிவின் கீழ் உங்களுக்கும் தரப்பினருக்கும் வக்கீல்களுக்கும் உள்ள தொடர்புகளை எழுதித் தர வேண்டும். ஆசிரியருக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும், ஏனென்றால் பத்து வருடம் பாடம் எடுத்தவர் முன்னால் வாதிட வருகிற வக்கீல் பழைய மாணவராக இருப்பது சாதாரணமாக நடக்கும். எந்த வருடம், என்ன பாடம், அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டினீர்களா, இப்போதும் பேச்சு வார்த்தை உண்டா என்று நான்கு வரியில் எழுதி, இரண்டு தரப்புக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் ஆட்சேபம் இல்லை என்று பதில் எழுதிய பிறகு முதல் கூட்டத்துக்குத் தேதி கொடுங்கள்.